கேசட்டிலிருந்து டிவிடிக்கு: வீட்டு வீடியோக்களை மாற்றும் வழிகள் குறித்து ஓர் ஆய்வு

## கேள்வியும் அதன் பின்னணியும்

வீட்டு வீடியோ கேசட்டில் உள்ள காட்சிகளை எந்த வழியில் எடுப்பது, எந்த வடிவத்தில் வைப்பது என்ற கேள்விக்குக் கடந்த கால் நூற்றாண்டில் குறைந்தது நான்கு விடைகள் வந்துவிட்டன. 1990களின் இறுதியில் விசிடி என்றார்கள், 2000களில் டிவிடி, அதன் பிறகு ஹார்டு டிஸ்க்கில் ஒரு எம்பி4 கோப்பு, இப்போது ஆவணக் காப்பகங்கள் பேசும் இழப்பற்ற கோப்பு. ஒவ்வொரு விடையும் வந்தபோது இதுவே முடிவானது என்ற நம்பிக்கையோடுதான் வந்தது. அந்த நம்பிக்கையில் கேசட்டைத் தூக்கிப் போட்டவர்களுக்கு அடுத்த விடை பயன்படவில்லை.

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அந்தப் பத்தாண்டில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்களின் பெட்டிகளிலும் பர்மா பஜார் கடைகளிலுமாக விசிஆர் நகருக்குள் நுழைந்தது. பேச்சுவழக்கில் அதன் பெயர் ‘டெக்’. 1980களின் நடுப்பகுதியில் கல்யாணத்துக்கு போட்டோகிராபரோடு வீடியோகாரரும் வரத் தொடங்கினார். தோளில் தூக்கும் விஎச்எஸ் கேமராக்கள் 1990களில் பரவலாகி, 2000களின் தொடக்கத்தில் மினிடிவிக்கு இடம்விட்டன. ஆக, அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர் வீடுகளில் இருக்கும் நாடாக்கள் பெரும்பாலும் 1985க்கும் 2005க்கும் இடைப்பட்டவை. கல்யாணம், பூணூல், சீமந்தம், அறுபதாம் கல்யாணம், பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றம் ஆகியவையே அவற்றில் அதிகம்.

இந்தப் பகுதிகளில் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது பரண் காலியாகிறது. கேசட்டுகளை என்ன செய்வது என்ற முடிவு பல குடும்பங்களில் அப்போதுதான், அவசரத்தில், எடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் எழும் கேள்வி ‘டிவிடியாகப் போட்டுவிடலாமா’ என்பதாகவே இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. நாடாவிலிருந்து சமிக்ஞையை எடுப்பது ஒன்று. எடுத்ததை வைத்துக் காப்பது மற்றொன்று. பழைய விடைகளின் பலவீனங்களில் பெரும்பகுதி, இவ்விரண்டையும் ஒரே வேலையாகக் கருதியதால் வந்தவை.

## நாடாவில் இருப்பது என்ன

விஎச்எஸ் முறையை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்தியது. அதன் நாடா 12.7 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. இந்தியாவில் வழங்கும் ‘பால்’ முறையில் அது வினாடிக்கு சுமார் 2.34 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்று, தன் மேலுள்ள ஹெட்டுகளால் நாடாவில் சாய்ந்த கோடுகளாகப் படத்தைப் பதிக்கிறது. ஒவ்வொரு சாய்கோடும் அரைப் படம். வினாடிக்கு 50 அரைப் படங்கள் சேர்ந்து 25 முழுப் படங்களாகின்றன.

நாடாவின் மேல் விளிம்பில் ஒலிக்கான நேர்கோட்டுத் தடம் ஓடுகிறது. கீழ் விளிம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடம். நாடாவின் ஓரம் மடங்கினாலோ பூஞ்சை பிடித்தாலோ முதலில் கெடுபவை இந்த இரண்டும்தான். படம் ஓரளவு தெளிவாக இருந்தும் பாட்டு மங்கிக் கேட்பதற்கும், படம் மேலும் கீழும் தாவுவதற்கும் இது ஒரு காரணம். ‘ஹைஃபை’ வசதியுள்ள கருவியில் பதிவாகியிருந்தால் சுழலும் ஹெட்டுகள் பதித்த இன்னொரு ஒலித்தடமும் நாடாவில் இருக்கும். அதன் தரம் மிக உயர்ந்தது. சாதாரண டெக்கில் போட்டால் அந்தத் தடம் கேட்காது.

படத்தின் நுணுக்கம் குறைவு. விஎச்எஸ் தரும் கிடைமட்டத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகள். டிவிடியின் ‘பால்’ சட்டகம் 720 × 576 புள்ளிகள் கொண்டது. இந்த எண்களை வைத்து, டிவிடி விஎச்எஸ்ஸைத் தாராளமாகக் கொள்ளும் என்று 2000களில் வாதிடப்பட்டது. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை வாதம் சரி. ஆனால் நாடாவின் இரைச்சல், ஒவ்வொரு வரியும் சற்றே முன்னும் பின்னுமாக ஆடும் தன்மை, சுருக்கத்தின்போது இவை உண்டாக்கும் சிக்கல் ஆகியவற்றை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை.

சென்னைக் கேசட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பத்தின் கையில் இருக்கும் கல்யாண கேசட் பெரும்பாலும் மூலப் பதிவு அல்ல. வீடியோகாரர் எடுத்த மாஸ்டர் கேசட்டிலிருந்து ‘மிக்ஸிங்’ செய்து, இதய வடிவச் சட்டங்களும் சினிமாப் பாட்டும் சேர்த்துக் கொடுத்த பிரதி அது. ஒவ்வொரு பிரதியிலும் தரம் ஒரு படி இறங்கும். பாட்டு ஏற்றப்பட்ட இடங்களில் நாதஸ்வரமும் மந்திரமும் பேச்சும் அழிந்துபோயிருக்கும். மாஸ்டர் கேசட்டை மறுபடி வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது ஸ்டுடியோக்களிடையே சாதாரணமாக இருந்தது. எனவே எந்த மாற்றுமுறையாலும் மீட்க முடியாத இழப்பு, மாற்றும் வேலை தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்திருக்கிறது. உறவினர் யாராவது மிக்ஸிங் செய்யாத பிரதியை வைத்திருந்தால், அழகாக எடிட் செய்த பிரதியைவிட அதுவே முதலில் மாற்றத் தக்கது.

## கடற்கரை நகரும் நாடாவின் ஆயுளும்

நாடாவின் அடிப்படை பாலியஸ்டர். அதன் மேல் காந்தத் துகள்களை ஒட்டிவைத்திருப்பது பாலியூரித்தேன் வகைப் பசை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போது இந்தப் பசை மெல்லச் சிதைகிறது. அமெரிக்காவில் 1995இல் வெளியான ஜான் வான் போகார்ட்டின் கையேடு, காந்த நாடாவின் ஆயுள் சேமிக்கும் சூழலைப் பொறுத்து 10 முதல் 30 ஆண்டுகள் வரை என்ற மதிப்பீட்டைப் பரவச் செய்தது. பின்வந்தவர்கள் அந்த எண்ணை இறுதி எல்லைபோல் எடுத்தாண்டனர். நடைமுறையில் 35 ஆண்டுகள் கடந்தும் நன்றாக ஓடும் நாடாக்கள் உள்ளன. 15 ஆண்டில் கெட்டவையும் உள்ளன.

சென்னையில் காலை நேர ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேல். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் கோடை வெப்பமும் சேர்கிறது. ஆவணக் காப்பகங்கள் நாடாவுக்குப் பரிந்துரைக்கும் உலர்ந்த, குளிர்ந்த சூழலுக்கு இது நேர் எதிரானது. இதனால் இங்கே பசைச் சிதைவுக்கு முன்பாகவே பூஞ்சை வந்துவிடுகிறது. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடியோ வட்டப் புள்ளிகளோ தெரியும். அத்தகைய நாடாவை அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சை ஹெட்டுகளில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதனால் முதலில் சுத்தம், பிறகே ஓட்டம் என்பதில் எல்லாத் தரப்பினரும் உடன்படுகிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. நாடா, டிவிடி, ஹார்டு டிஸ்க் எதுவானாலும் எல்லாப் பிரதிகளும் ஒரே அலமாரியில் இருந்தால் ஒரே இரவில் போய்விடும்.

நாடாவைவிட வேகமாக மறைவது அதை ஓட்டும் கருவி. உலகில் விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இல் ‘காலக்கெடு 2025’ என்ற தலைப்பில், அந்த ஆண்டுக்குள் மாற்றப்படாத நாடாக்கள் பெரும்பாலும் இழக்கப்படும் என்று எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவும், ஒலி, காட்சிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏவும் இணைந்து ‘காந்த நாடா எச்சரிக்கை’ திட்டத்தைத் தொடங்கின. 2025 கடந்தும் சென்னையின் ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் பழைய டெக்குகள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் ரப்பர் பெல்ட், பிஞ்ச் ரோலர், தேயாத ஹெட் ஆகியவற்றோடு கிடைப்பது அரிது. அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துவருகிறார்கள்.

## முதல் நிலைப்பாடு: நேராகத் தட்டில் பதிதல்

முதல் அலை விசிடி. எம்பெக்-1 முறையில் 352 × 288 புள்ளிகளும் வினாடிக்கு சுமார் 1.15 மெகாபிட்டும்தான் அதன் கொள்ளளவு. நாடாவில் வினாடிக்கு 50 அரைப் படங்கள் இருந்தால் விசிடி அவற்றில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. நடனம்போல வேகமாக அசையும் காட்சிகளில் இந்த இழப்பு வெளிப்படையாகத் தெரியும்.

அடுத்து வந்தது டிவிடி ரெக்கார்டர். டெக்கின் வயரை அதில் சொருகி, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். கணினி தேவையில்லை. பட, ஒலிப் பொருத்தம் தவறுவது அரிது. ஓட்டத்தில் உள்ள சிறு தடுமாற்றங்களைப் பல கருவிகள் தாங்களே சமாளித்தன. கணினி வழியை விட இதுவே நம்பகமானது என்று கருதுவோர் இன்றும் உண்டு. கேசட் நிறைய, நேரம் குறைவு என்ற நிலையில் அவர்கள் வாதத்துக்கு வலு இருக்கிறது.

இதன் பலவீனம் கணக்கிலேயே தெரியும். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரப் பதிவை அதில் வைத்தால் ஒலியும் சேர்த்து வினாடிக்கு சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கும். இ-180 கேசட்டின் முழு மூன்று மணி நேரத்தையும் ஒரே தட்டில் திணித்தால் அது சுமார் 3.5 மெகாபிட்டாகக் குறைகிறது. நாடாவின் இரைச்சல் எம்பெக்-2 சுருக்கத்துக்குப் பெருஞ்சுமை. ஒவ்வொரு படத்திலும் மாறும் பொடிப் புள்ளிகளுக்கே பிட்டுகள் செலவாகி, முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. மண்டபத்தின் மங்கிய மூலைகளில் இது அதிகம். மேலும், பதிந்தபின் ‘ஃபைனலைஸ்’ செய்யாத தட்டு வேறு பிளேயரில் ஓடாது. அந்த ரெக்கார்டர் பழுதானபின் அப்படிப்பட்ட தட்டுகள் பல வீடுகளில் பயனற்றுக் கிடக்கின்றன.

## இரண்டாம் நிலைப்பாடு: கணினி வழியே டிவிடி

கணினியை நடுவில் வைக்கும் முறை 2000களில் வீட்டுப் பயனர்களிடம் பரவியது. டெக்கிலிருந்து வரும் அனலாக் சமிக்ஞையை ஒரு கேப்சர் கருவி எண்களாக்கும். அது கோப்பாகச் சேரும். வேண்டாத பகுதிகளை வெட்டி, அத்தியாயங்களும் மெனுவும் சேர்த்து, எம்பெக்-2ஆக மாற்றி, தட்டில் எரிக்கலாம். சென்னை எடிட்டர்களிடையே கேனோபஸ் நிறுவனத்தின் கருவிகளும் எடியஸ் மென்பொருளும் இந்தக் காலத்தில் பெயர் பெற்றன. கேனோபஸ் ஏடிவிசி வகைப் பெட்டிகள் சமிக்ஞையை டிவி (DV) எனப்படும் எண் வடிவமாக்கி ஃபயர்வயர் வழியே அனுப்பின. அந்த வடிவத்தில் ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி.

இந்த வழியின் வலிமை, பதிவுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கோப்பு உருவாவது. அந்தக் கோப்பிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் டிவிடி தயாரிக்கலாம். ஆனால் 2000களின் தொடக்கத்தில் ஹார்டு டிஸ்க் இடம் விலை அதிகம். தட்டை எரித்தவுடன் கோப்பை அழிப்பதே அன்றைய வழக்கம். முறையின் முக்கியப் பயன் அதோடு போய்விட்டது.

தொழில்நுட்ப அளவில் மூன்று பலவீனங்கள் திரும்பத் திரும்பச் சுட்டப்படுகின்றன.

முதலாவது, நேரத் தடுமாற்றம். பழைய டெக்கிலிருந்து வரும் சமிக்ஞையின் கால ஒழுங்கு சீராக இருக்காது. மலிவான யுஎஸ்பி கருவிகள் அதைத் தாங்காமல் படங்களை விட்டுவிடும். சில கருவிகள் அந்தத் தடுமாற்றத்தைத் திருட்டுத் தடுப்புக் குறியீடு என்று தவறாக எண்ணிப் பதிவையே மறுக்கும். இதற்குத் தீர்வாக ‘டைம் பேஸ் கரெக்டர்’ எனப்படும் சீராக்கி பரிந்துரைக்கப்படுகிறது. உயர் ரக எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் அது உள்ளேயே இருக்கும். அந்த டெக்குகளின் எஸ்-வீடியோ வாயில் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வெளியே தருவதால், மஞ்சள் நிற ஒற்றை வயரைவிடப் படம் தூய்மையாக வருகிறது.

இரண்டாவது, ஒலி விலகல். படம் ஒரு கருவி வழியாகவும் ஒலி கணினியின் சவுண்ட் கார்டு வழியாகவும் உள்ளே வந்தால், இரண்டின் கடிகாரங்களும் நுண்ணளவில் வேறுபடும். தொடக்கத்தில் பொருந்தியிருப்பது ஒரு மணி நேரத்தில் விலகும். கல்யாண வீடியோவில் இதை யாரும் கவனிக்காமல் போகலாம். அரங்கேற்றப் பதிவில் மறைக்க முடியாது. அலாரிப்பில் நட்டுவாங்கத் தாளமும் பாதத்தட்டும் ஒன்றாக விழும். தில்லானா வரும் நேரத்தில் கால் விழுந்த பிறகு தாளம் கேட்கும். மாதிரி வீதத்தைத் தவறாகக் கொள்வது இன்னொரு பிழை: நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்த ஒலியை 44,100 என்று கொண்டு ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும்.

மூன்றாவது, ஒளி அளவு. கல்யாண வீடியோவில் ‘வீடியோ லைட்’ நேராக விழும் ஜரிகை, வேட்டி, வெள்ளிப் பாத்திரம் ஆகியவை நாடாவில் விளிம்பு வரை வெளுத்திருக்கும். கேப்சர் அளவுகளைச் சரிபார்க்காமல் பதிந்தால் நாடாவில் மிச்சமிருக்கும் சிறு விவரமும் வெட்டுப்பட்டு வெறும் வெள்ளையாகிவிடும். இது பிறகு எடிட்டிங்கில் மீட்க இயலாத பிழை.

மினிடிவி நாடாக்களுக்கு இந்தச் சிக்கல்கள் பொருந்தா. அவற்றில் இருப்பது ஏற்கெனவே எண் வடிவம். ஃபயர்வயர் வழியே எடுத்தால் அது ஒரு நகல் மட்டுமே, மறுபதிவு அல்ல. அங்கே தடை வேறு: ஓடும் கேமராவும் ஃபயர்வயர் வாயிலுள்ள கணினியும் கிடைக்க வேண்டும். புதிய கணினிகளில் அந்த வாயில் இல்லை. கேமராவின் மஞ்சள் வயரிலிருந்து அனலாக்காக எடுத்துக் கொடுப்பது எளிய வழியாக இருந்தாலும், தேவையில்லாத இழப்பை வரவழைக்கிறது.

## மூன்றாம் நிலைப்பாடு: இழப்பற்ற கோப்பு

ஆவணக் காப்பகங்களிலிருந்து வந்த நிலைப்பாடு இது. எடுக்கும்போது எதையும் எறியக் கூடாது. பார்வைக்கான பிரதிகளை அதிலிருந்து பிறகு செய்துகொள்ளலாம் என்பது இதன் சாரம். சுருக்காத 8-பிட் ‘பால்’ படம் மணிக்கு சுமார் 75 ஜிபி ஆகும். எஃப்எஃப்வி1 என்ற திறந்த முறையில் இழப்பின்றிச் சுருக்கினால் நாடாவின் இரைச்சலைப் பொறுத்து அது ஏறத்தாழ பாதிக்கு இறங்கும். 2003இல் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில் பிறந்த அந்த முறை 2021இல் இணையத் தரநிலை அமைப்பின் ஆவணமாக வெளியானது. ஐஏஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட வீடியோ பாதுகாப்பு வழிகாட்டி எல்லாருக்கும் ஒரே வடிவத்தை விதிக்காமல் பல வடிவங்களை ஒப்பிடுகிறது. எஃப்எஃப்வி1 அவற்றில் முக்கியமான ஒன்று.

எதிர்வாதமும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. இருபது கேசட், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு டிபிக்கு மேல் இடம் வேண்டும். இரண்டு பிரதி வைத்தால் நான்கு. கோப்புகள் வீட்டு டிவியிலோ போனிலோ நேராக ஓடா. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே புரியும் வடிவம், அவர் இல்லாதபோது யாருக்கும் பயன்படாது. இதனால் நடுவழியாக, வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவில் எச்.264 கோப்பாக எடுப்பதே வீட்டுக்குப் போதும் என்று சொல்வோர் உண்டு. விஎச்எஸ்ஸின் தரத்துக்கு அந்த அளவில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு மிகக் குறைவு என்பது உண்மையே. பின்னாளில் வண்ணத் திருத்தமோ இரைச்சல் நீக்கமோ செய்ய நினைத்தால் இழப்பற்ற கோப்பு கூடுதல் வாய்ப்பு தரும்.

அரைப் படங்களை என்ன செய்வது என்பதிலும் கருத்து வேறுபாடு உள்ளது. கணினித் திரையில் அசைவின் ஓரங்களில் சீப்புப் பல்போன்ற கோடுகள் தெரிவதால், பல கடைகள் பதியும்போதே அரைப் படங்களை இணைத்து 25 முழுப் படங்களாக்கித் தருகின்றன. அதில் அசைவின் பாதி போய்விடுகிறது. மூலக் கோப்பில் அரைப் படங்களை அப்படியே வைத்து, பார்வைப் பிரதியில் மட்டும் வினாடிக்கு 50 படங்களாக விரிப்பதே இழப்பு குறைந்த வழி என்பதில் தொழில்நுட்பம் அறிந்தோரிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து நிலவுகிறது.

## நான்காம் நிலைப்பாடு: ஹெட்டின் அலையையே பதிதல்

அண்மைக் காலத்தில் தன்னார்வ மென்பொருளாளர்கள் முன்வைப்பது விஎச்எஸ்-டிகோட் என்ற முறை. லேசர் டிஸ்க்குகளுக்காக உருவான எல்டி-டிகோட் திட்டத்திலிருந்து பிறந்தது இது. டெக்கின் உள்ளே ஹெட் படிக்கும் மூல அலையை நேராகக் கணினியில் பதிந்து, படமாக மாற்றும் வேலை முழுவதையும் மென்பொருளிடம் விட்டுவிடுகிறது. டெக்கின் பழைய மின்சுற்றுகளைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. மென்பொருள் மேம்பட மேம்பட அதே பதிவிலிருந்து சிறந்த படம் பெறலாம். சீராக்கியும் மென்பொருளிலேயே அமைகிறது.

கோட்பாட்டளவில் இதுவே மிக முழுமையான விடை. ஆனால் டெக்கைத் திறந்து வயர் பற்றவைக்க வேண்டும். கோப்புகள் மிகப் பெரியவை. மாற்றும் வேலை மணிக்கணக்கில் ஓடும். தேய்ந்த ஹெட், அழுக்கான நாடா ஆகியவற்றை இதுவும் சரிசெய்யாது. குடும்ப அளவில் இது பரவுமா என்பது தெளிவாகவில்லை.

## வெளிநாட்டிலிருந்து வந்த கேசட்டுகள்

தென் சென்னை வீடுகளில் அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய கேசட்டுகள் தனி வகை. அவை 525 வரிகளும் வினாடிக்கு 29.97 படங்களும் கொண்ட என்டிஎஸ்சி முறையில் உள்ளவை. மல்டி சிஸ்டம் டெக் இல்லாமல் அவை சரியாக ஓடா. இலங்கைத் தமிழர் குடும்பங்களில் சிக்கல் இன்னும் விரிகிறது: யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ பதிந்தது ‘பால்’, டொரண்டோவில் பதிந்தது என்டிஎஸ்சி, பாரிஸில் பதிந்தது சீகாம் ஆக இருக்கலாம். சீகாம் நாடா ‘பால்’ டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடும். அதனால் நிறம் போய்விட்டது என்று தவறாக எண்ணப்படுவதுண்டு.

டிவிடி யுகத்தில் எல்லாவற்றையும் ‘பால்’ ஆக்கித் தருவது கடைகளின் வழக்கம். 30 படங்களை 25ஆகக் குறைக்கும்போது அசைவு வெட்டி வெட்டித் தெரிந்தது. இன்றைய திரைகளும் மென்பொருள்களும் இரண்டு முறைகளையும் ஓட்டுவதால், பதிந்த முறையிலேயே எடுத்து வைப்பதற்கு எதிராகச் சொல்லக்கூடிய காரணம் இப்போது அநேகமாக இல்லை.

## எங்கே வைப்பது

பதியத்தக்க டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு கரிமச் சாயம். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட ஒப்பீடு, தட்டுகளின் நிலைத்தன்மை சாயத்தையும் பிரதிபலிப்பு அடுக்கையும் பொறுத்துப் பெரிதும் மாறுவதைக் காட்டியது. அட்டையில் அச்சிட்ட ஆண்டுக்கணக்கை வைத்து வாங்குபவருக்கு அந்த வேறுபாடு தெரிய வழியில்லை. சாயம் இல்லாத எம்-டிஸ்க் வகைத் தட்டுகள் நீடிக்கும் என்ற வாதம் வலுவானதே. ஆனால் தட்டைப் படிக்கும் டிரைவ் புதிய மடிக்கணினிகளிலிருந்து மறைந்துவிட்டது. விசிஆருக்கு நேர்ந்தது டிவிடி டிரைவுக்கும் நேர்கிறது.

ஹார்டு டிஸ்க் பெரிய இடம் தருகிறது. அறிவிப்பின்றிப் பழுதாகவும் செய்யும். கிளவுடில் வைப்பது வெள்ளத்துக்கும் தீக்கும் தப்பும். சந்தா நின்றால் அல்லது கணக்கின் கடவுச்சொல் வாரிசுக்குத் தெரியாவிட்டால் அதுவும் போய்விடும். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவச் செய்த ‘3-2-1’ விதி இந்தப் பலவீனங்களை ஒன்றோடொன்று ஈடுகட்டப் பார்க்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. அபிராமபுரத்தில் ஒரு டிஸ்க், நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இன்னொன்று என்ற ஏற்பாடு பல குடும்பங்களுக்கு இயல்பாகவே கைகூடுவது.

## யார் செய்வது, யாருக்கு உரிமை

வீட்டிலேயே செய்வதா, கடையில் கொடுப்பதா என்பதில் தரப்புகள் பிரிகின்றன. கடையில் டெக் பராமரிக்கப்படும், பூஞ்சை நீக்கத் தெரிந்தவர் இருப்பார். ஆனால் அநேகமாகக் கடைசி எம்பி4 அல்லது டிவிடி மட்டுமே கையில் வரும். வீட்டில் செய்தால் கட்டுப்பாடு முழுமை. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் டெக்கின் அருகில் இருக்க வேண்டும். எந்த முறையும் இந்த நேரத்தைக் குறைப்பதில்லை. சுத்தம் செய்வதையும் பதிவையும் கடையிடம் விட்டு, மூலக் கோப்பையும் கேசட்டையும் திருப்பிக் கேட்டு வாங்குவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

உரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(ஆ) பிரிவு, கட்டணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன திரைப்பதிவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. கல்யாண வீடியோ இதில் அடங்கும் என்றே பொதுவாகக் கொள்ளலாம். மிக்ஸிங்கில் ஏற்றிய சினிமாப் பாட்டின் உரிமை வேறு. வீட்டுக்குள் பார்ப்பதில் சிக்கல் எழுவதில்லை. யூடியூபில் ஏற்றும்போது தானியங்கி உரிமைக் கோரல் வர வாய்ப்பு அதிகம்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பழைய வீடியோவைக் கூர்மையாக்கித் தருவது அண்மைய வழக்கம். கூட்டத்தின் பின்வரிசையில் மங்கலாகத் தெரியும் முகத்துக்கு அவை தெளிவான கண்ணும் மூக்கும் வரைகின்றன. அவை அந்த மனிதருடையவையாக இருக்க வேண்டியதில்லை. பார்வைப் பிரதியில் இதைச் செய்வது ரசனையைப் பொறுத்தது. மூலத்தை அழித்துவிட்டு இதை மட்டும் வைப்பதை ஆவணத் துறை ஏற்பதில்லை.

## மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. டிவிடி பார்வைப் பிரதியாக இன்னும் பயன்படும், குறிப்பாக ரிமோட்டும் பிளேயரும் பழகிய முதியவர்களுக்கு. ஒரே பிரதியாக அது போதாது. ஒரு கேசட்டை நன்றாக ஓட்டும் வாய்ப்பு இனி ஒன்றிரண்டு முறைதான் கிடைக்கும் என்பதால், செலவும் கவனமும் ஓட்டத்துக்கே முதலில் போக வேண்டும்: சுத்தமான நாடா, நல்ல டெக், சீராக்கி, சரிபார்த்த ஒலி. கோப்பின் வடிவத்தை நாளை மாற்றிக்கொள்ளலாம். தவறாக ஓட்டிப் பதிந்ததை மாற்ற முடியாது. மாற்றி முடித்த பிறகும் கேசட்டை வைத்திருப்பது பயனுள்ளது என்று விசிடி காலத்து இழப்புகள் காட்டுகின்றன.

தீராத கேள்விகளும் உள்ளன. சென்னைபோன்ற கடற்கரை நகரில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில், நாடா எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்குக் குளிர்நாட்டு மதிப்பீடுகளே இன்னும் எடுத்தாளப்படுகின்றன. எல்லாக் கேசட்டையும் மாற்றுவதா, தேர்ந்தெடுப்பதா என்பதிலும் பொது விதி இல்லை. உறவினர் வரிசையாக நின்று பரிசு கொடுக்கும் நீண்ட காட்சி இன்று அலுப்பூட்டலாம், ஆனால் அதில்தான் மறைந்த பலரின் முகமும் நடையும் இருக்கும். இலங்கைத் தமிழர் ஆவணங்களை 2005 முதல் எண்மயமாக்கிவரும் நூலகம் நிறுவனம்போன்ற முயற்சிகள் தனியார் சேகரிப்புக்கும் பொது வரலாற்று மதிப்பு உண்டு என்பதை உணர்த்துகின்றன. வீட்டு வீடியோக்களை அத்தகைய பொதுச் சேகரிப்பில் சேர்ப்பதென்றால் அதில் தோன்றுவோரின் சம்மதத்தை எப்படிப் பெறுவது என்பதற்குத் தமிழ்ச் சூழலில் ஏற்கப்பட்ட நடைமுறை உருவாகவில்லை. இந்தக் கேள்விகளுக்குக் கருவிகள் விடை தரா. குடும்பங்களும் காப்பகங்களும் சேர்ந்தே முடிவு காண வேண்டியிருக்கும்.